ஆளில்லாத கதிரைக்கு வைத்த சோறு

போன கிழமை மகள் வேலை முடிந்து வரும்போது ஒரு கடதாசிப் பையோடு வந்தாள். பொலித்தியாமாச் சதுக்கத்துப் பக்கம் புதிதாகத் திறந்த யப்பான் சாப்பாட்டுக் கடையில் வாங்கியதாம். இப்போது பலேர்மோவில் தெருவுக்கொரு யப்பான் கடை வந்துவிட்டது. பச்சை மீனைச் சோற்றின்மேல் வைத்துக் கொடுக்கிறார்கள், பிள்ளைகள் வரிசையில் நின்று வாங்குகிறார்கள். எனக்கென்று மூடிபோட்ட சிறிய கிண்ணம் ஒன்றில் ரசம் மாதிரி ஏதோ வாங்கி வந்திருந்தாள். அன்று வெள்ளிக்கிழமை. "அம்மா, இது உங்களுக்கு. வெங்காயத்தாளும் தோஃபுவும்தான் உள்ளுக்கு. மீன் இல்லை, நான் கேட்டனான்" என்றாள்.

நான் மூடியைத் திறந்து மணந்து பார்த்தேன். பார்த்துவிட்டு மூடிவிட்டேன்.

"இதிலை மாசி கிடக்கு."

"டாய், மம்மா" என்று இத்தாலியனில் அலுத்துக்கொண்டாள். "ஏன் எல்லாத்தையும் பொலிஸ் நாய் மாதிரி மணந்து பாக்கிறீங்கள்? கடைக்காரன் இல்லையெண்டு சொன்னவன்."

இல்லையென்றுதான் சொல்வார்கள். முப்பது வருசத்துக்கு முன்னமும் ஒருவர் எனக்கு அப்படித்தான் சொன்னார், கையைக் காலை ஆட்டிச் சத்தியம் செய்யாத குறையாக. மகளுக்கு அந்தக் கதை தெரியாது. அவளிடம் சொல்ல எனக்கு வெட்கம். உங்களிடம் சொல்லலாம், நீங்கள் என் முகத்தைப் பார்க்கப்போவதில்லை.

மாசி தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. சூரை மீனை அவித்து, புகை போட்டு, விறகுத் துண்டு போல இறுகும்வரை காயவைப்பது அது. யாழ்ப்பாணத்தில் செத்தல் மிளகாயோடு இடித்துச் சம்பல் செய்வோம். ஒரு வீட்டில் மாசி இடித்தால் நாலு வீட்டுக்குத் தெரியும். அந்த மணத்தை வாழ்க்கையில் நான் பிழையாகச் சொன்னதில்லை. மற்ற எத்தனையோ விசயத்தில் பிழை விட்டிருக்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் நான் இங்கே வந்தேன், இருபத்தாறு வயதில். பெண்களுக்கு வீட்டு வேலை லேசாகக் கிடைக்கும் என்று என்னை முதலில் அனுப்பினார்கள். இவர், என் மனுசன், கொழும்பில் ஒரு லொட்ஜில் காத்துக்கொண்டிருந்தார். நான் போர்கோ வெக்கியோவில், சந்தைக்கு மேலே, ஒரு அறையில் மெற்றில்டா அக்காவோடு இருந்தேன். அக்கா மன்னார், கத்தோலிக்க வேதக்காரர். மூன்று வீடு துடைத்து, ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பூவும் கட்டுகிற ஆள். இந்த வேலையைப் பிடித்துத் தந்ததும் அவர்தான்.

"ஒரு யப்பான் பொம்பிளை, பிள்ளை. இஞ்சத்தை ஆளைக் கட்டினவ. மனுசன் கப்பலிலை எஞ்சின் பாக்கிறவர், பாதி வருசம் கடலிலை. ஆள் அமைதி. நீயும் ஒரு கரைச்சலும் குடுக்காம இரு" என்றார்.

துறைமுகத்தைப் பார்த்த வீடு. மூன்றாம் மாடி. குசினி யன்னலால் பார்த்தால் நாப்போலிக்குப் போகிற கப்பல் நிற்பது தெரியும். வீட்டுக்கார அம்மா, சிஞ்ஞோரா ஹருமிக்கு அப்போது நாற்பது வயதிருக்கும். அவருடைய இத்தாலியனும் அரைகுறை, என்னுடையது அதிலும் பாதி. நாங்கள் கதைத்ததை இங்கே தமிழில் எழுதும்போது இரண்டு கெட்டிக்காரப் பெண்கள் கதைத்தது போல இருக்கும். உண்மையில் இரண்டு குழந்தைகள் கதைத்தது போலத்தான் இருந்தது.

எனக்குச் சந்தேகம் பிறவிக்குணம் என்று இவர் சொல்வார். பிறவிக்குணம் இல்லை, பழக்கம். ஆமிச் சென்றிகளையும் ஆள் கடத்துகிற ஏஜென்சிக்காரர்களையும் தாண்டி வந்த எவரைக் கேட்டாலும் சொல்வார்கள். வாசல் மணி அடித்தால் முதலில் மூச்சை அடக்கு, பிறகு எட்டிப் பார், அதற்குப் பிறகுதான் கதவு. அதோடு இங்கத்தைய சிஞ்ஞோராக்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. நான் முதல் வேலை செய்த வீட்டில் கட்டிலுக்குக் கீழே மோதிரம் ஒன்று கிடக்கும். எடுத்து மேசையில் வைப்பேன். அடுத்த கிழமை அதே மோதிரம் குளியலறை மூலையில் கிடக்கும். ஹருமியின் வீட்டில் அப்படி ஒன்றும் கிடக்கவில்லை. அதுதான் என் முதல் சந்தேகம். சோதிக்காத ஆள் வேறு எப்படிச் சோதிக்கப் போகிறார் என்று யோசித்தேன்.

இரண்டாவது சந்தேகம், என்னை மேசையில் இருத்திச் சாப்பாடு தந்தது. மற்ற வீடுகளில் பல்கணியில் நின்றபடி மிச்சத்தைச் சாப்பிட்டுவிட்டு வாளியைத் தூக்குவேன். சிஞ்ஞோரா மத்தியானம் சரியாகப் பன்னிரண்டரைக்குத் தன் கையால் மேசை வைப்பார். ஆளுக்கு ஒரு கிண்ணம் சோறு, ஒரு கிண்ணம் ரசம், சின்னச் சின்னத் தட்டில் மூன்று கறி. அளவைப் பார்த்தால் பூனைக்கு வைத்தது மாதிரி இருக்கும். சாப்பிடத் தொடங்கமுன் கை கூப்பி ஏதோ சொல்வார். நானும் கூப்புவேன், எதற்கென்று தெரியாமல்.

சமையலில் மட்டும் அவரை எனக்குப் பிடித்திருந்தது. சொல்லாமல் இருக்கக் கூடாது. இருந்ததில் குண்டான இத்தாலி அரிசியை வாங்கி, ஐந்து தண்ணீர் கழுவி, அரை மணித்தியாலம் ஊறவிட்டு, பானையை மூடினால் பிறகு கடவுளே வந்தாலும் மூடியைத் திறக்க விடமாட்டார். வெள்ளரிக்காயை உப்பில் உருட்டி, கல்லை வைத்து அமுக்கி வைப்பார். பலேர்மோவின் உருண்டைக் கத்தரிக்காயை எண்ணெயில் வாட்டி ஒரு மண்ணிறக் களியைப் பூசுவார். சோயா அவரையை உப்புப் போட்டுப் புளிக்க வைத்த அந்தக் களி ஊரிலிருந்து பார்சலில் வரும். நான் பழம்புளி என்று நினைத்து ஒருநாள் விரலால் தொட்டு நக்கி, வாய் உப்புக் கரித்துப்போய்த் தண்ணீர் தேடினேன். கறுப்புக் கடதாசி மாதிரிக் கடற்பாசி ஒன்று இருந்தது. அதைச் சாப்பிடுகிறதென்று நம்ப எனக்கு ஒரு மாதம் பிடித்தது.

மீன் வாங்கப் போனால் எங்கள் இருவரையும் கண்டதும் சந்தை மீன்காரன் தலையில் கை வைப்பான். "வந்திட்டினம் ரெண்டு டாக்குத்தர்மார்" என்று பக்கத்துக் கடைக்காரனுக்குச் சொல்வான், சிசிலி மொழியில். அவர் சாளையின் செவுளைத் தூக்கிப் பார்ப்பார், நான் வயிற்றை அமுக்கிப் பார்ப்பேன். இரண்டு பேரும் ஒரே மீனைத்தான் வேண்டாமென்று வைப்போம்.

மூன்றாவது சந்தேகம்தான் பெரியது. இரண்டு பேர் சாப்பிடுகிற மேசையில் மூன்று பேருக்கு வைத்திருக்கும்.

யன்னலோரம், துறைமுகத்தைப் பார்த்த கதிரை. அதற்கு முன்னால் ஒரு கிண்ணம் சோறு, ஒரு கிண்ணம் ரசம், இரண்டும் மூடியபடி. பக்கத்தில் சாப்பிடுகிற தடிகள் இரண்டு. ஒருவரும் வரமாட்டார்கள். நாங்கள் சாப்பிட்டு முடிந்ததும் சிஞ்ஞோரா எழும்பிப் போய் மூடியைத் தூக்குவார். கிண்ணத்துக்குள் பார்க்கமாட்டார். மூடியின் உட்பக்கத்தைத் திருப்பி வெளிச்சத்தில் பார்ப்பார், தலையை ஆட்டுவார், மெல்ல ஏதோ சொல்வார். பிறகு அந்தச் சோற்றைப் பின்னேரம் தானே சாப்பிடுவார்.

நீங்கள் எங்கள் பக்கத்து ஆள் என்றால் நான் என்ன நினைத்தேன் என்று விளக்கத் தேவையில்லை. செத்தவர்களுக்கு நாங்கள் அப்படித்தான் படைக்கிறோம். அவருக்கு விருப்பமானதைச் சமைத்து வைத்து, கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்று, கொஞ்ச நேரத்தால் திறந்து பார்ப்போம், வந்து தொட்டாரோ என்று. அந்த வீட்டில் செத்த ஆள் ஒன்று தினம் மத்தியானம் எங்களோடு இருந்து சாப்பிடுகிறது என்று முடிவுகட்டினேன். யாரென்று அறியத் தூசி தட்டுகிற சாட்டில் அலுமாரியெல்லாம் படம் தேடினேன். ஒன்றும் அகப்படவில்லை. அந்தக் கதிரையைத் துடைக்கும்போது மட்டும் பின்பக்கமாக நின்று துடைப்பேன்.

"கேளன் அவவை" என்றார் மெற்றில்டா அக்கா.

"என்னெண்டு கேக்கிறது? ஆர் செத்ததெண்டோ?"

"அப்ப கேளாதை. கதிரையைத் துடைச்சுப்போட்டு வா."

நான் அந்த வீட்டில் சேர்ந்தது தை மாதம். பங்குனியில் இவர் கொழும்பிலிருந்து புறப்பட்டார். மொஸ்கோ, பிறகு கியேவ், பிறகு ஏஜென்சிக்காரன் விடுகிற வழி. அன்றைக்கே நான் நேர்த்தி வைத்தேன். இவர் வந்து சேரும் மட்டும் வெள்ளிக்கிழமை மச்சம், மீனோ இறைச்சியோ, வாயில் வைப்பதில்லை. அறையில் இருந்த பிள்ளையார் படத்துக்கு முன்னால் அதைச் சொன்னேன். எதற்கும் இருக்கட்டுமென்று அக்காவோடு பெல்லெக்ரீனோ மலைக்கு வெறுங்காலோடு ஏறி, அங்கே இருக்கிற புனிதை சாந்தா ரொசாலியாவுக்கும் சொல்லிவிட்டு வந்தேன். கடவுள்மாரில் எனக்குச் சந்தேகம் இருந்ததில்லை. மனுசரில்தான்.

சிஞ்ஞோராவிடமும் சொன்னேன். "வெள்ளிக்கிழமை மீன் இல்லை. என் கணவர் வழியில். கடவுளுக்கு." அவர் மூன்று தரம் தலையாட்டினார். அந்த வெள்ளி, கீரையும் வெள்ளரிக்காயும் கத்தரிக்காயும் வந்தன. ரசக் கிண்ணத்தைத் திறந்தேன். மாசி மணந்தது.

"இதில் மீன்?"

"மீன் இல்லை, மீன் இல்லை." கடற்பாசியைக் காட்டினார், வெங்காயத்தாளைக் காட்டினார், வெறும் தண்ணீர் என்று குழாயைக் காட்டினார். கரண்டி விட்டுப் பார்த்தேன், ஒரு மீன் துணுக்கும் இல்லை. குடித்தேன். அப்படி நாலு வெள்ளி குடித்தேன். மூக்கு ஒன்று சொன்னது, காது ஒன்று கேட்டது. நான் காதை நம்பினேன், அவர் மேசையில் இருத்திச் சோறு போட்டவர் என்பதால்.

ஐந்தாம் வெள்ளி நேரத்தோடு போய்விட்டேன். குசினிக்குள் சீவுளி தள்ளுகிற சத்தம் கேட்டது. தச்சு வேலை நடக்கிறதோ என்று எட்டிப் பார்த்தால், சிஞ்ஞோரா நிலத்தில் முழங்காலில் இருந்து, அலகு வைத்த ஒரு மரப்பெட்டியில் மண்ணிறக் கட்டை ஒன்றைத் தேய்த்துக்கொண்டிருக்கிறார். பெட்டிக்குள் சுருள் சுருளாக விழுகிறது. கொதிக்கிற தண்ணீரில் அதைப் போட்டு, துணியில் வடித்து, சக்கையை எறிந்தால் ரசத்தில் என்ன தெரியும்? நான் கட்டையைக் கையில் எடுத்தேன். எங்கள் மாசியேதான், இன்னும் கொஞ்சம் இறுக்கம்.

"இது மீன்" என்றேன்.

"இல்லை. இது தாஷி. ரசத்துக்கு." குளிர்ப்பெட்டியைத் திறந்து ஒரு சாளையை வாலில் பிடித்துத் தூக்கிக் காட்டினார். "இதுதான் மீன்."

அவர் பொய் சொல்லவில்லை என்பது இப்போது விளங்குகிறது. உப்பைக் கடல் என்று யாராவது சொன்னால் நாங்கள் எப்படி முழிப்போமோ அப்படித்தான் அவர் முழித்தார். அவர்களுக்கு அது சமையலின் தண்ணீர். பிறகு அவருக்கும் விளங்கியது. வாயைப் பொத்திக்கொண்டு, குனிந்து குனிந்து மன்னிப்புக் கேட்டார். அடுத்த வெள்ளி, காய்ந்த காளானும் கடற்பாசியும் ஊறுகிற போத்தலை என் மூக்குக்கு நேரே பிடித்து, மணந்து பார் என்று சொல்லிவிட்டுத்தான் அடுப்பை மூட்டினார். அதில் மாசி இல்லை. ஆனால் நாலு வெள்ளி போனது போனதுதான்.

அந்தக் கிழமையோடு இவருடைய ரெலிபோன் கோலும் நின்றது. கடைசியாகக் கியேவிலிருந்து எடுத்தவர், "இன்னும் ரெண்டு நாளிலை வெளிக்கிடுறம், யோசியாதை" என்றார். இரண்டு நாள் இரண்டு கிழமையானது, ஐந்து கிழமையானது. கொழும்பில் ஏஜென்சிக்காரனுக்கு எப்போது எடுத்தாலும் "வந்துகொண்டிருக்கினம் தங்கச்சி" என்று ஒரே பதில். ஞாயிற்றுக்கிழமை அக்காவின் கோயில் முற்றத்தில் நின்றால் விதவிதமான கதைகள் வரும். லொறிக்குள் மூச்சுமுட்டிச் செத்தவையாம். ஆத்தைக் கடக்கேக்கை படகு கவிழ்ந்ததாம். எந்த லொறி, எந்த ஆறு என்று ஒருவருக்கும் தெரியாது. நான் எல்லாருடைய கையையும் பிடித்துக் கேட்பேன்.

எனக்கோ நாலு கிண்ணம் ரசம்தான் கண்ணுக்குள் நின்றது. நேர்த்தியை உடைத்தவள் நான், உடைக்க வைத்தவர் அவர். இவருக்கு ஏதும் நடந்தால் நான்தான் காரணம் என்று பயந்து, தனியே பயப்பட முடியாமல் அவரையும் சேர்த்துக் குற்றம் சாட்டிக்கொண்டேன். வேண்டுமென்று செய்தாரோ என்றுகூட நினைத்தேன். நிலம் துடைத்துக்கொண்டிருக்கும்போதே அழுகை வரும். வாளிக்குள் முகம் குனிந்தபடி அழுவேன்.

ஒருநாள் சிஞ்ஞோரா கண்டுவிட்டார். துணியை என் கையிலிருந்து வாங்கி வைத்துவிட்டு, கணவனின் பெரிய வரைபடப் புத்தகத்தைக் கொண்டுவந்து விரித்தார். கடல் முழுக்கப் பென்சில் கோடுகள். எங்கே என்று கேட்டார். நான் கியேவைக் காட்டினேன். அங்கிருந்து பலேர்மோவரை விரலால் மெல்ல இழுத்தார். பிறகு கேட்டார்: "அவருக்கு என்ன சாப்பிட விருப்பம்?"

"கத்தரிக்காய். பொரித்தது." யோசிக்காமல் சொல்லிவிட்டேன். கத்தரிக்காய்ப் பொரியல் என்றால் இவர் தாச்சிக்குப் பக்கத்திலேயே குந்தியிருக்கிற ஆள்.

அறைக்கு வந்து அக்காவிடம் சொன்னபோது, "ஏனாம் கேட்டவ?" என்றார். அவர் சும்மாதான் கேட்டார். எனக்கு விடியும்வரை நித்திரை வரவில்லை. ஒருவருக்கு என்ன விருப்பம் என்று எப்போது விசாரிப்பார்கள்?

அடுத்த நாள் மத்தியானம் மேசையில் நாலு பேருக்கு வைத்திருந்தது. யன்னலோரக் கதிரைக்கு வழக்கம்போல. அதற்குப் பக்கத்துக் கதிரைக்கும் மூடிய சோறு, மூடிய ரசம், சின்னத் தட்டில் களி பூசிய பொரித்த கத்தரிக்காய்.

"இது யாருக்கு?"

"உன் கணவருக்கு" என்றார். சந்தோசமாகச் சொன்னார்.

உயிரோடு இருக்கிற மனுசனுக்கு, இருக்கிறாரோ இல்லையோ என்று தெரியாத மனுசனுக்கு, விருப்பமானதைப் பொரித்துப் படைத்து வைத்திருக்கிறார். சோற்றுக் கிண்ணத்தை எடுத்தேன். தொட்டிக்குள் கொட்டினேன். கத்தரிக்காயையும் கொட்டினேன். ரசத்தைத் தூக்கும்போது மூடி வழுக்கி விழுந்து உடைந்தது.

சிஞ்ஞோரா குனிந்து உடைந்த துண்டுகளைப் பொறுக்கினார். பிறகு, சொல் தேடித் தேடி, சொன்னார். "தூரம் போனவருக்கு வைப்பது. வழியில் பசிக்காமல் இருக்க. மூடியில் தண்ணீர்த் துளி இருந்தால் அவர் சுகம். பார், இதில் இருக்கிறது." சோற்றுக் கிண்ணத்தின் மூடியைத் திருப்பிக் காட்டினார். சுடுசோற்றை மூடினால் துளி இல்லாமல் என்ன இருக்கும்?

"மீன் இல்லை என்றும் நீதான் சொன்னாய்" என்றேன்.

அவர் மூடியை மேசையில் வைத்தார். நான் விடவில்லை.

"உன்னுடைய செத்த ஆளுக்குக் குடு. என்னுடைய ஆளுக்குக் குடுக்காதே."

"செத்த ஆள்?"

நான் யன்னலோரக் கதிரையைக் காட்டினேன். அவர் கதிரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அது என் கணவருடைய இடம்" என்றார். "கடலில் இருக்கிறார்."

உயிரோடு கடலில் இருக்கிறார். எனக்கும் அது தெரியும். இரண்டு கிழமைக்கு ஒருக்கால் அவர் எடுக்கிற கோலை நானே எத்தனை தரம் தூக்கி, "சிஞ்ஞோரா, கப்பல்" என்று கூப்பிட்டிருக்கிறேன். அந்த நிமிசத்தில் நான் நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. ஒருக்கால் ஏறிய கோபத்தில் இருந்து இறங்கத் தெரியாத ஆள் நான். வீட்டுக் கதவுத் திறப்பை மேசையில் வைத்துவிட்டு, செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு படியால் இறங்கினேன்.

மெற்றில்டா அக்கா அடுப்பில் வேலை பார்த்தபடி முழுவதையும் கேட்டார். பிறகு சொன்னார்: "எங்கடை அப்பு கடலுக்குப் போனா, அம்மா சோத்துப்பானையைக் கழுவிக் கவிழ்க்க மாட்டா. ஆள் கரைக்கு வருமட்டும் அடியிலை ஒரு பிடி கிடக்கும்." அவ்வளவுதான். திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன்.

பதினொரு நாள் கழித்து, கீழே இருந்த கோப்பி பாருக்குக் கோல் வந்தது. இவர் ரோமில் நின்றார். இரண்டு நாளில் பலேர்மோ ஸ்ரேசனில் இறங்கினார், உடுப்புக்குள் ஆளைத் தேட வேண்டியிருந்தது. என்னைக் கண்டதும், "என்ன, மெலிஞ்சு போனாய்?" என்றார். நான் ஸ்ரேசன் என்றும் பாராமல் அழுதேன். கியேவில் பதினாலு பேரை ஒரு வீட்டுக்குள் பூட்டி வைத்திருந்தார்களாம். பாணும் பீற்றூட்டும்தானாம். நான் வெள்ளிக்கிழமை நேர்த்தியைச் சொன்னேன். "நீ ஒருநாள் பிடிச்சனி, நான் ஏழு நாளும் பிடிச்சனான்" என்றார்.

சிஞ்ஞோராவின் கதையையும் சொன்னேன், இவர் என் பக்கம் நிற்பார் என்று.

"என்ன கறி வைச்சவ?"

"கத்தரிக்காய். பொரிச்சு."

"அதையோ கொட்டினனி?" என்று சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. "போய்ச் சொல்லிப்போட்டு வா, நான் வந்திட்டன் எண்டு. அந்த மனுசி பாவம்."

"நாளைக்குப் போறன்" என்றேன்.

போகவில்லை. முதலில் புது வேலை தேடுகிற அந்தரம். பிறகு பெர்மெஸ்ஸோ என்கிற விசாக் கடதாசிகளுக்கு அலைச்சல். பிறகு மகள் வயிற்றில் வந்தாள். இதெல்லாம் சாட்டு. உண்மையில் வெட்கம். அதற்குக் கீழே இன்னொன்றும் இருந்தது, சொல்லிவிடுகிறேன். போனால், தான் வைத்த சோற்றால்தான் இவர் வந்தார் என்று அவர் நினைத்துவிடுவாரோ என்று ஒரு எரிச்சல். வெறுங்காலோடு மலை ஏறியது நான். மூன்று தெரு தள்ளித்தான் வீடு, ஐந்து நிமிட நடை. ஆவணியில் ஒருநாள் சந்தையில் அவரைக் கண்டேன். கத்தரிக்காய் வாங்கிக்கொண்டு நின்றார். நான் ஒலிவ்காய்ப் பீப்பாய்களுக்குப் பின்னால் மறைந்து, அவர் போகும்வரை நின்றேன்.

தைப்பொங்கல் அன்று, போய்ச் சொல்லிவிட்டு வா என்று இவர் என்னைத் துரத்திவிட்டார். பொங்கலை ஒரு பெட்டியில் போட்டு, பெரிய வயிற்றோடு போனேன். வழி நெடுக மன்னிப்பைப் பாடமாக்கினேன். கட்டட வாசலைப் பார்க்கிற நீனா கதிரையில் இருந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள்.

"யப்பான்காரியோ? கிறிஸ்மஸ் முடிஞ்ச கையோடை போட்டா. புருசன் வந்து கூட்டிக்கொண்டு போட்டான், வேறை துறைமுகத்திலை வேலையாம்."

"எங்கை?"

"எனக்கென்ன தெரியும்? விலாசம் ஒண்டும் தரேல்லை." பிறகு என்னை உற்றுப் பார்த்தாள். "நீதானே மேலை வேலை செய்த பிள்ளை? உன்ர புருசன் வந்திட்டானோ?"

உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"கிழமைக்கொருக்கா என்னட்டைக் கேப்பா, அந்தப் பிள்ளையின்ர புருசன் வந்திட்டானோ எண்டு. நீங்கள் எல்லாரும் போர்கோவிலைதானே இருக்கிறியள், எனக்குத் தெரிஞ்சிருக்குமெண்டு நினைச்சிருக்கிறா. நான் எங்கை கண்டன்?" பட்டாணியை விட்டுவிட்டுக் கையைத் துடைத்தாள். "கடைசி நாள் பெட்டி இறக்க மேலை போனனான். எல்லாம் கட்டியாச்சு. புருசன் யன்னலோரம் இருந்து சாப்பிடுறான், அவ எதிரிலை. நடுவிலை ஒரு கிண்ணம், மூடினபடி. ஆருக்கு எண்டு கேட்டன். இன்னும் வரேல்லை எண்டு சொன்னா."

நான் நீனாவிடம் சொன்னேன், "வந்திட்டார். ஆனியிலேயே வந்திட்டார்." அவள் நல்லது என்று தலையாட்டிவிட்டுத் திரும்பப் பட்டாணியை எடுத்தாள். பொங்கல் பெட்டியை அவளிடமே கொடுத்துவிட்டு வந்தேன்.

ஆனியிலிருந்து மார்கழி வரை. அந்த ஆறு மாதமும், பன்னிரண்டரை மணிக்கு இவர் மூன்று தெரு தள்ளி என் மேசையில் இருந்து, இன்னும் கொஞ்சம் போடு என்று கோப்பையை நீட்டிக்கொண்டிருந்தார்.

நாங்கள் பிறகு ஒரேத்தோவுக்கு வீடு மாறிவிட்டோம். மெற்றில்டா அக்கா மகனோடு இங்கிலாந்துக்குப் போய்விட்டார். அந்த மூன்றாம் மாடி இப்போது கப்பலில் வருகிற சுற்றுலாக்காரருக்கு நாள் வாடகைக்குப் போகிறது, வாசலில் நீனாவும் இல்லை. ஹருமியின் குடும்பப் பெயரைக்கூட நான் ஒருநாளும் கேட்டு வைக்கவில்லை, தேடுவதற்கு. என் பழைய சந்தேகங்கள் எல்லாம் ஒவ்வொன்றாகத் தீர்ந்துவிட்டன. தீராமல் கிடப்பது ஒன்றுதான். ஒருவரும் போய்ச் சொல்லாதபடியால், எங்கேயோ ஒரு மேசையில் அவர் இன்னமும் இவருக்குச் சோறு வைத்து மூடிக்கொண்டிருக்கிறாரோ என்பது.